கிட்டாரைக் கீழே வைத்த கோஹன்

கிட்டார் என்றால் உண்மை, சிந்தசைஸர் என்றால் போலி. மேற்கத்திய இசை பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்மில் பலருக்கு இந்த எண்ணம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு ஃபோக் பாடகர் கீபோர்டைத் தொட்டால் போதும், 'விலை போய்விட்டார்' என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். 1965-ல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடை ஏறியதற்கே கூச்சல் போட்டார்கள். லியனார்ட் கோஹன் செய்தது அதைவிடப் பெரிய தாவல் என்பது என் கட்சி. அதுவும் ஐம்பது வயதில்.

மான்ட்ரியலில் 1934-ல் பிறந்தவர். கவிஞர், நாவலாசிரியர் என்று பெயர் வாங்கிய பிறகு 1967-ல்தான் முதல் ஆல்பம். நைலான் தந்தி கிட்டார், அதில் விடாமல் ஓடும் விரல்கள், மெல்லிய இளம் குரல். 'சுஸான்' கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் ஒரு விபத்தும் உண்டு. 1977-ல் ஃபில் ஸ்பெக்டரோடு சேர்ந்து ஒரு ஆல்பம். ஏகப்பட்ட வாத்தியங்கள், அந்தக் கூட்டத்தில் கோஹனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவருக்கே அது திருப்தியில்லை. ஆக, ஒலியை மாற்றினாலே சிறப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

மாற்றம் உண்மையில் தொடங்கியது ஒரு மலிவான கேஸியோ கீபோர்டில். பட்டனை அமுக்கினால் அதுவே தாளம் போடும், கல்யாண வீட்டில் குழந்தைகள் விளையாடும் ரகம். 1984-ல் வந்த 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு அந்தத் தாளத்தில் பிறந்ததுதான். கேட்டால் காதல் பாட்டு போல இருக்கும். ஆனால் நாஜி வதை முகாம்களில் கைதிகளையே வயலின் வாசிக்க வைத்த கொடுமையிலிருந்து அது வந்தது என்று கோஹன் சொல்லியிருக்கிறார். பொம்மைத் தாளத்தின் மேல் அப்படி ஒரு விஷயம்! (அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. பிற்பாடு ஊரே பாடிய 'ஹல்லேலூயா' அதில்தான் இருக்கிறது!)

அடுத்தது 1988-ன் 'ஐயாம் யுவர் மேன்'. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாழைப்பழம் தின்கிறார். உள்ளே டிரம் மெஷின், சிந்தசைஸர், பின்னணியில் பெண் குரல்கள். முக்கியமான விஷயம், அவர் குரல் அதற்குள் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. வயதும் சிகரெட்டும் செய்த வேலை. அந்தக் குரலைப் பழைய கிட்டாரோடு வைத்திருந்தால் 'பாவம், பெரியவர்' என்று நாம் உச்சுக் கொட்டியிருப்போம். மெஷின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஷாரன் ராபின்சனோடு சேர்ந்து எழுதிய 'எவ்ரிபடி நோஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே மோசடி ஆட்டம், அது எல்லோருக்கும் தெரியும் என்று வரிசையாகப் பட்டியல் போடுகிறார். கிட்டாரில் பாடினால் ஒப்பாரி ஆகியிருக்கும். ஈவு இரக்கமில்லாத அந்தத் தாளத்தின் மேல், செய்தி வாசிப்பவர் மாதிரி உணர்ச்சியே காட்டாமல் சொல்லும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. 'ஃபர்ஸ்ட் வி டேக் மன்ஹாட்டன்' இன்னும் மோசம். டிஸ்கோவில் ஆட வைக்கும் இசை, பேசுகிறவனோ ஏதோ நாச வேலைக்குத் திட்டம் போடுகிறவன். காலும் ஆடுகிறது, பயமாகவும் இருக்கிறது.

"அந்த சத்தமெல்லாம் இப்போது அரதப் பழசு" என்று என் நண்பன் ஒருவன் சொல்கிறான். ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். 'ஜாஸ் போலீஸ்' வந்தால் நானும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன் :) ஆனால் 'டவர் ஆஃப் சாங்' பாட்டில் வரும் கீபோர்டு சோலோவைக் கேளுங்கள். நேற்று கற்றுக்கொண்ட சிறுவன் ஒற்றை விரலால் தட்டுவது போல இருக்கும். வித்தை காட்டத் தெரிந்த வாத்தியக்காரர்களுக்கா பஞ்சம்? பாட்டோ முதுமையையும் தனிமையையும் பற்றியது. பெரிய பாடகன் என்ற பந்தா அதில் எங்கேயும் ஒட்டக் கூடாது, அதனால்தான் அந்த ஒற்றை விரல் என்று நினைக்கிறேன்.

2011-ல் ஸ்பெயினில் விருது வாங்கியபோது, இளமையில் ஒரு ஸ்பானியக் கிட்டார்க்காரர் சொல்லிக்கொடுத்த ஆறு கார்டுகள்தான் தன் எல்லாப் பாட்டுக்கும் அடிப்படை என்றார். எல்லாப் பாட்டுக்கும்! கேஸியோ பாட்டுக்களைத் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

2008 லண்டன் கச்சேரியின் பதிவு கிடைக்கிறது. எழுபத்து மூன்று வயதுக்காரர் அந்த ஒற்றை விரல் சோலோவைத் தட்ட, கூட்டம் கைதட்டி ஆர்ப்பரிக்கிறது. முதலில் அதைக் கேட்டுவிட்டு 1988-க்குப் போங்கள், பிறகு 1967-க்கு.