ஒரு வெடியை நம்பித் திருகாதே

துவக்கு என்ற சொல் விழுந்தவுடன் எங்கட வீடுகளில் கதை ஒரு கணம் நின்றுபோகும். எங்கட அம்மா அப்பாமார் அந்தச் சொல்லோடு சேர்த்து விட்டுவந்த ஊரும் ஆட்களும் அப்படி. இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளுக்கோ அது ஒலிம்பிக்கில் பார்க்கிற விளையாட்டு, வகுப்புத் தோழி சனிக்கிழமை தகப்பனோடு போகிற இடம். ஒரு நாள் வந்து, "நானும் போகட்டா?" என்று கேட்பார்கள். நடுவில் நிற்கிற எங்களுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியாது.

என் மகள் 13 வயதில் கேட்டாள். நான் "பாப்பம்" என்றேன். என் அம்மா, "படிக்கிற பிள்ளைக்கு ஏன் துவக்கு?" என்றா. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கயும் போய்ச் சுடட்டும். ஆனா இந்தப் படலையைத் தாண்டி அது உள்ளுக்கு வரக்கூடாது" என்றா. எனக்கு அது நியாயமான நிபந்தனையாகப் பட்டது. மகள் சுடுவது கழகத்தின் .22 ரைபிள். அது கழகத்தின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, சோதனையில் தேறி, சிறார் உரிமம் எடுக்கலாம். அதை வைத்து ரைபிளை இரவல் வாங்கிச் சுடலாம், சொந்தமாக வைத்திருக்க முடியாது. உரிமம் உள்ள பெரியவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கவனித்தால் பிள்ளைக்கு உரிமம் இல்லாமலும் பழகலாம். ஜெர்மனியில் பெற்றோர் சம்மதத்தோடும் மேற்பார்வையோடும் 12 வயதில் காற்றுத் துவக்கு, 14 வயதில் சிறு குழல் ரைபிள். ஒஸ்ரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சிறாருக்கான அனுமதி 12 வயதில் தொடங்குகிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்கத்தைய காவல்துறையிடம் கேளுங்கள், நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

இந்த மாதம் நான் எழுத வந்தது ஒரு சின்ன வேலையைப் பற்றி. கழக ரைபிளுக்கு 'ரெட் டொட்' என்கிற குறிபார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். பயிற்சியாளர் அதைத் தான் பூட்டித் தரவில்லை. "நீங்களே பூட்டுங்கள், நீங்களே ஸீரோ பண்ணுங்கள்" என்று பக்கத்தில் நின்றார். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியவந்தது அந்த அரை நாளில்தான்.

ரெட் டொட் என்றால் லேசர் இல்லை. பல பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறோம். வெளியே எந்தக் கதிரும் போகாது. உள்ளே இருக்கிற சின்ன எல்.ஈ.டி. வெளிச்சத்தை முன் கண்ணாடி சுடுகிறவரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். புள்ளி இலக்கின் மேல் மிதப்பதுபோல் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே குறி பார்க்கலாம், அதனால் பழகுகிற பிள்ளைக்குச் சுகம். புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்ததுபோல் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், கருவியைக் குறை சொல்ல முன்னம் பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். அஸ்டிக்மாடிசம் இருந்தாலும் அப்படித் தெரியும்.

பூட்ட முன்னம் மகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, குழலின் பின்பக்கம் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். மகள் பார்த்தாள், பிறகு நான் பார்த்தேன், பிறகு பயிற்சியாளர் பார்த்தார். மூன்று பேரும் பார்த்தது ஒரே வெறும் ஓட்டையைத்தான். அங்கே யாருக்கும் அது அலுப்பாகத் தெரியவில்லை.

ரைபிளின் மேலே பல்லுப் பல்லாக வெட்டிய ரெயில் இருக்கும். சில .22 ரைபிள்களில் அதற்குப் பதிலாக ஒடுக்கமான இரண்டு காடிகள்தான் இருக்கும், அதற்கு வேறு மவுண்ட் வேண்டும். கடைக்குப் போக முன்னம் இதைப் பார்த்துவிடுங்கள். மவுண்டைப் பல்லுக்குள் இருத்தி, முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஸ்குருவை முறுக்க வேண்டும். துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது அது அசைய இடம் இருக்கக்கூடாது. எவ்வளவு இறுக்குவது என்று கருவியோடு வந்த தாளில் எண் இருக்கும், அந்த அளவில் நிற்கிற டோர்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கைப்பலத்தைக் காட்டினால் ஸ்குருவின் புரி போய்விடும். முறுக்கி முடிந்ததும் ஸ்குருத் தலையிலிருந்து மவுண்ட் வரை மை பேனாவால் ஒரு கோடு. அடுத்த முறை கோடு விலகியிருந்தால் ஸ்குரு தளர்ந்துவிட்டது என்று உடனே தெரியும்.

இனி ஸீரோ. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேயே சன்னம் போய் விழும்படி கருவியைச் சரிசெய்வதுதான் அது. இலக்கு 25 யாரில். ரைபிளை மண்மூட்டையில் சாய்த்து, கதிரையில் இருந்து, மகள் முதல் வெடி வைத்தாள். நடுவிலிருந்து கீழே, வலப்பக்கமாக விழுந்தது. உடனே கை திருகாணிக்குப் போனது.

"வேண்டாம். இன்னும் இரண்டு, அதே இடத்தில் குறி வைத்து" என்றார் பயிற்சியாளர்.

மூன்று ஓட்டையும் ஒரு அங்குல அகலத்துக்குள் கிடந்தன. அவற்றின் நடுவை அடிமட்டத்தால் அளந்தோம். இரண்டு அங்குலம் கீழே, ஒரு அங்குலம் வலம். எங்கள் கருவியில் ஒரு கிளிக் என்பது ஒரு எம்.ஓ.ஏ. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு. 100 யாரில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலம், 50 யாரில் அரை, 25 யாரில் கால். எத்தனை கிளிக் என்று நான் வாயைத் திறக்க முன்னமே மகள் சொல்லிவிட்டாள்: மேலே எட்டு, இடப்பக்கம் நாலு. திரும்ப மூன்று வெடி. பிறகு 50 யாருக்குப் போய் ஐந்து, அங்கே இன்னும் ஒரு கிளிக். ரவையின் பெயர், தூரம், கிளிக் கணக்கு எல்லாம் அவளின் கொப்பியில் ஏறின. ரவையை மாற்றினால் சன்னம் விழுகிற இடமும் மாறும், அதனால் அந்தக் குறிப்பு வேண்டும்.

ஓட்டைகள் நெருக்கமாக, ஆனால் இலக்குக்கு வெளியே கிடந்தால் கருவியைத் திருப்பலாம். ஓட்டைகள் சிதறிக் கிடந்தால் எத்தனை கிளிக் திருப்பினாலும் பிரயோசனம் இல்லை. ஸ்குரு தளர்ந்திருக்கும், மூச்சு நிலைக்காமல் இருந்திருக்கும், அல்லது விசையை விரல் சுண்டியிருக்கும். ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்து இந்த இரண்டில் எது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு கணக்குச் சோதனைப் புள்ளியோடு பிள்ளைக்கு டியூஷன் மாற்றுகிற எங்களுக்கு இது கொஞ்சம் சுடத்தான் செய்யும்.

துளைபட்ட தாளை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பம்மா அதைக் கனநேரம் கையில் வைத்திருந்தா. "இவ்வளவு கணக்கா?" என்று மட்டும் கேட்டா. அவவின் நிபந்தனை மாறவில்லை. மாற்றும்படி நானும் கேட்கவில்லை. அவ கண்டதை அவ கண்டவ.

நீங்கள் சம்மதிக்க முன்னம் கழகத்துக்கு ஒரு முறை தனியாகப் போய்ப் பாருங்கள். சுடுவதை நிறுத்தச் சொன்னதும் எல்லாரும் துவக்கில் இருந்து கையை எடுத்துப் பின்னுக்கு வருகிறார்களா? கண்ணுக்கும் காதுக்கும் கவசம் இல்லாமல் யாராவது உள்ளே நிற்கிறார்களா? சுட்டு முடிந்து சாப்பிட முன்னம் பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்கிறார்களா? .22 சன்னம் ஈயம், தூசு கையில் ஒட்டும்.

வீட்டில் வைத்திருக்கத் தீர்மானித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாச் சட்டப்படி வேட்டைக்கும் இலக்குக்கும் பாவிக்கிற சாதாரண ரைபிளை ரவை இல்லாமல் வைக்க வேண்டும். விசைப் பூட்டுப் போட வேண்டும், அல்லது போல்டைக் கழற்ற வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியிலோ அறையிலோ வைக்க வேண்டும். ரவையையும் கைக்கு எட்ட விடக்கூடாது. இது சட்டம் கேட்கிற குறைந்த அளவு. வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் என்றால், பூட்டை நம்பாதீர்கள். துவக்கு வீட்டை விட்டு வெளியே போகட்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னாலும் அது நல்ல பதில்தான். பிள்ளை ஏன் என்று கேட்டால், பயம் என்று மட்டும் சொல்லி முடிக்காமல், பார்த்ததைச் சொல்லலாம்.