கடல் எல்லாவற்றையும் கரைத்துவிடுமா?

"கடல் பெரிசு சார், எல்லாம் கரைஞ்சு போகும்." நம் புதுச்சேரியில் சாக்கடைப் பேச்சு எழும்போதெல்லாம் இதுதான் பதில். தவறு, நண்பர்களே. பெரிய வாய்க்கால் கொண்டுபோய்க் கொட்டுவது உடனே நடுக்கடலுக்குப் போய்விடுவதில்லை. அலையும் நீரோட்டமும் அதைக் கரையோரமாகவே இழுத்துச் செல்கின்றன. நாமும் பேரக்குழந்தைகளும் இறங்குவது அந்தக் கரையோரத்தில்தான்.

குளிக்கத் தகுந்த கடல்நீரில் 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம் கிருமி 100-க்கு மேல் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். மீறினால் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, காதுவலி, தோல் அரிப்பு எல்லாம் வரலாம். மழைக்கு மறுநாள் ஆபத்து இன்னும் அதிகம்.

சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்கு, நீரைச் சோதித்து முடிவைப் பலகையில் காட்டியாக வேண்டும். சுற்றுலா வருபவருக்குள்ள அந்த உரிமை, மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் முழுகும் நமக்கு ஏன் இல்லை?

லிசேயில் வரைபடத்தில் நாங்கள் படித்த சேன் நதியில் 1923 முதல் குளிக்கத் தடை. பாரீஸ்காரர்கள் சுமார் 140 கோடி யூரோ செலவழித்து, 2025 ஜூலையில் மக்களை மீண்டும் இறங்க விட்டார்கள். 2024 ஒலிம்பிக்கில் நீர் சரியில்லாத நாளில் போட்டியையே தள்ளிவைத்தார்கள்.

அத்தனை பணம் நம்மிடம் இல்லை என்பார்கள். சரி, ஒரு கரும்பலகைக்கும் சாக்பீஸுக்கும் கூடவா இல்லை? வாராவாரம் எண்ணை எழுதுங்கள். கூடினால் சிவப்புக் கொடி கட்டுங்கள். கோப்பில் உறங்கும் எண் யாரையும் காப்பாற்றாது. குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது தெரியும். கண்ணில் பட்டால்தான், சாக்கடையைச் சுத்திகரித்து விடு என்று ஊர் கேட்கும்.