அருளுக்கு வாய்மையே உரைகல்

“இயேசுவின் அருள் பெரிது, ஆகவே சாதிப் பேச்சைக் கிளறாதீர்” என்பர் ஒரு சாரார். இஃது அருளுக்குச் செய்யும் சிறப்பன்று. வாய்மைக்கு இடும் திரை.

யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் அருளையும் உண்மையையும் பிரியாது ஒருங்கே வைக்கின்றது. குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைக் கல்லெறியினின்று காத்தவரே, இனிப் பாவம் செய்யாதே என்றும் பணித்தார். அவரை விருந்தேற்ற சகேயு, வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தான். அருள் கணக்கை மறைக்கவில்லை. அதனைத் தீர்க்கும் துணிவைத் தந்தது.

1833-ஆம் ஆண்டில் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியத் தமிழ்ச் சபைகளில் சாதி ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் சபையைத் துறந்தனர்; சாதியைத் துறந்தாரில்லை. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி வழக்கங்களுக்காக வாதாடினார். புலமையும் பக்தியும் மட்டும் ஒருவரை உண்மைக்கு உரியவராக்கிவிடுமா?

அந்நோய் கப்பலேறிப் பேராக்கிற்கும் வந்தது. ஒரே பெரட்டுக்கு எழுந்து, ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர்களுள்ளும் குலம் வினவப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சாதியோ ஈப்போ நகரத்து வீடுகளுக்கும் குடிபெயர்ந்தது.

பலிபீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு, மணப்பேச்சில் குலங்கேட்போர் எந்த அருளைப் போற்றுகின்றனர்? உண்மைக்கு அஞ்சும் அருள் வெறும் முகமன். அதனை நாசரேத்தூரார்மேல் ஏற்றுதல் பெரும்பிழை.