வாட்டிலுக்கு வேலமரம் உறவா?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாட்டில் பூக்கத் தொடங்கிவிடும். செப்டம்பர் முதல் நாளை வாட்டில் தினமாகக் கொண்டாடும் இந்த நாடு, 'அகேசியா பிக்னாந்தா' என்ற தங்க வாட்டிலை 1988இல் தன் தேசிய மலராக அறிவித்தது. அந்தப் புறநகர்களில் ஒன்றான ஹரிஸ் பார்க்கின் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சீகைக்காய்க்குத் தாவரவியல் நூல்கள் நெடுங்காலம் தந்த பெயர் 'அகேசியா கன்சின்னா'. தென் தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நிற்கும் கருவேலம் 'அகேசியா நிலோட்டிகா' என்று படித்தவர்கள் நம்மில் பலர். பெயரைப் பார்த்தால் மூன்றும் ஒரே பேரினம். ஆனால் இன்றைய வகைப்பாட்டில் அகேசியா என்ற பெயர் வாட்டில்களுக்கே உரியது. கருவேலம் 'வச்சீலியா' ஆகிவிட்டது, சீகைக்காய் 'செனகாலியா' ஆகிவிட்டது. நம் மரத்தின் பெயரைப் பறித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. அந்த மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பேரினத்தைப் பிரித்தது சரி, பெயரை வாட்டிலுக்குக் கொடுத்ததும் ஏற்கத்தக்கது என்பதே என் முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் தடம் மாறுகிறது.

முதலில் பிரித்த கதையைப் பார்ப்போம். 1754இல் பிலிப் மில்லர் அகேசியாவைப் பேரினமாக நிறுவினார். அதற்கு நெடுங்காலம் நிலைத்த எல்லையை வகுத்தவர் ஜார்ஜ் பெந்தம். மகரந்தத்தாள்கள் பத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது 1842இல் அவர் வைத்த அளவுகோல். எளிய அளவுகோல் என்பதால் ஒன்றரை நூற்றாண்டுக்குச் செல்லுபடியானது. புதிய நிலங்களிலிருந்து உலர்தாவரத் தாள்கள் வரவர, இந்த ஒரு குறியைப் பார்த்தே அவற்றை அகேசியாவில் சேர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஏறத்தாழ 1,350 சிற்றினங்கள் கொண்ட பெருங்கூட்டமாக அது வீங்கிவிட்டது. ஒரே ஓர் உறுப்பை வைத்து உறவைத் தீர்மானிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த உறுப்பு பழைய மூதாதையிடமிருந்து பல கிளைகளுக்கும் வந்திருக்கலாம். வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியும் இருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும், அந்த உறுப்பு இருப்பதாலேயே இரண்டு செடிகள் நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிட முடியாது.

மற்ற உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கூட்டம் தானாகவே பிரிகிறது. கருவேலம், வெள்வேலம், குடைவேலம் மூன்றிலும் இலைக்காம்பின் அடியில் முட்கள் இணையிணையாக நிற்கும். சீகைக்காய்க் கொடியில் அப்படி இணை முள் கிடையாது. தண்டிலும் காம்பிலும் கொக்கிபோல் வளைந்த சிறு முட்களே உண்டு. வாட்டில்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே இல்லை. அவற்றில் பலவற்றுக்கு உண்மையான இலையும் இல்லை. இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. அத்தகைய வாட்டிலின் நாற்றைக் கவனித்தால் முதலில் கருவேலத்தின் இலைபோன்ற சிறகிலைகள் விடும். பிறகு காம்பு அகன்று சிற்றிலைகள் மறைந்துவிடும். மிமோசா வாட்டில், கறுப்பு வாட்டில் போன்ற சில, கடைசிவரை சிறகிலைகளோடே இருக்கும். ஆகவே இலையும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். குவின்ஸ்லாந்து உலர்தாவரகத்தைச் சேர்ந்த லெஸ் பெட்லி அப்படி எடைபோட்டு, 1986இல் அகேசியாவை மூன்றாகப் பிரிக்க முன்மொழிந்தார். அன்று அதை ஏற்றவர்கள் குறைவு. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் பிரிவினையை உறுதிப்படுத்தின. இன்றைய கணக்கில் வாட்டில்கள் ஏறத்தாழ 1,000, செனகாலியா 200க்கு மேல், வச்சீலியா சுமார் 160. இவை தவிர அமெரிக்கக் கண்டத்தில் சில சிறு பேரினங்கள். இந்த ஆய்வுகளில் தமிழருக்கு வியப்பூட்டும் முடிவு ஒன்று உண்டு: வாட்டிலுக்குக் கருவேலத்தைவிட நம் ஊர் வாகை நெருங்கிய உறவு.

பழைய பேரினத்தை அப்படியே விட்டிருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு இந்த வாகையே விடை. பேரினம் என்றால் ஒரே மூதாதையின் வழிவந்த எல்லாரும் அதற்குள் இருக்க வேண்டும். வாட்டிலும் கருவேலமும் ஒரே பேரினத்தில் நிற்க வேண்டுமானால், இரண்டுக்கும் இடையே வரும் கிளைகளையும் உள்ளே அழைக்க வேண்டும். அப்போது வாகை, தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி எல்லாமே அகேசியா ஆகிவிடும். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தொடங்கி, இன்னும் பல நூறு பெயர்களை மாற்ற வேண்டிய இடத்துக்கு வந்து சேர்வோம். இடையில் இருப்பவற்றை வெளியே நிறுத்திவிட்டு இரு ஓரங்களை மட்டும் ஒன்றாக வைத்துக்கொள்வது, பழக்கத்துக்காக உறவை மறைப்பதாகும். பிரிப்பதைத் தவிர நேர்மையான வழி வேறு இல்லை.

பெயர் யாருக்கு என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதை மரபணு தீர்மானிக்காது. மனிதர்கள் வகுத்த விதிகளே தீர்மானிக்கும். ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் அடையாளமாக ஒரு சிற்றினம் உண்டு. பேரினம் பிரிந்தால் அந்தச் சிற்றினம் எந்தப் பக்கம் போகிறதோ பெயரும் அந்தப் பக்கமே போகும். அகேசியாவுக்கு அடையாளமாக இருந்தது கருவேலம். எனவே விதிப்படி பெயர் கருவேலத்தோடு தங்கியிருக்க வேண்டும். வாட்டில்கள் 'ரேகோஸ்பெர்மா' ஆகியிருக்க வேண்டும். 2003இல் ஆன்டனி ஆர்ச்சர்டும் புரூஸ் மாஸ்லினும், அடையாளச் சிற்றினத்தையே மாற்றி 'அகேசியா பெனினெர்விஸ்' என்ற ஆஸ்திரேலிய வாட்டிலை அந்த இடத்தில் வைக்க முன்மொழிந்தார்கள். உரிய குழு அதைப் பரிந்துரைத்தது. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் பரிந்துரைக்கு எதிராக 54.9 சதவீத வாக்குகள் விழுந்தன. ஆனால் குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் வேண்டும் என்று கொள்ளப்பட்டதால் பரிந்துரையே நின்றது. பெரும்பான்மை எதிர்த்த ஒன்று நிறைவேறியது. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் கொதித்தார்கள், கொதித்தது நியாயமே. 2011இல் மெல்பர்ன் மாநாட்டில் 373க்கு 172 என்ற வாக்கில் அந்த முடிவு உறுதியானது. அது ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த மாநாடு என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அந்த ஐயத்தை முழுதாகத் துடைக்க முடியாதுதான். ஆனால் வித்தியாசம் ஒன்றிரண்டு வாக்குகளில் இல்லை. ஏறத்தாழ 68 சதவீத ஆதரவு.

வாக்கு முறையில் குறை இருந்தது என்பதால் முடிவின் உள்ளடக்கமும் தவறு என்று ஆகிவிடாது. அகேசியா என்ற சொல் எகிப்தின் முள்மரத்துக்குக் கிரேக்கர் வழங்கியது, எனவே அதன் மூத்த உரிமையாளர் கருவேலமே என்பது எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். வரலாற்றின்படி அது உண்மை. ஆனால் அறிவியல் பெயர் பரம்பரைச் சொத்து ஆகாது. உலகெங்கும் ஒரே செடியை ஒரே பெயரால் குறிக்கப் பயன்படும் கருவி அது. மூத்த பெயரைவிடப் புழக்கத்தில் ஊன்றிய பெயரைக் காப்பது நல்லது என்று கருதும்போது விலக்கு அளிக்கத் தாவரப் பெயரிடல் விதிகளிலேயே நெடுங்காலமாக இடம் உண்டு. ஒரு பக்கம் ஆயிரம் பெயர்கள், மறுபக்கம் சில நூறு. எந்தப் பக்கம் மாற்றினால் குழப்பம் குறையும் என்பதில் ஐயமில்லை. அதோடு கருவேலத்துக்குக் கிடைத்த பெயர் அந்நியமானதும் அன்று. வச்சீலியா என்ற பேரினத்தை 1834இல் நிறுவியவர்கள், சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட்டும் அவரோடு எழுதிய வாக்கர் ஆர்னாட்டும். நிறுவிய இடம், தென்னிந்தியத் தீபகற்பத்தின் தாவரங்களை விவரித்த அவர்களுடைய நூல். சீனக் கரையில் தாவரம் சேகரித்த பாதிரியார் ஒருவரின் நினைவாக வைத்த பெயர்தான் என்றாலும், அது பிறந்தது நம் மண்ணின் தாவர ஆய்வில்.

எல்லாம் பெயர்தானே, இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பது இயல்பு. லாபத்தை வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் பார்க்கலாம். நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குவின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த கருவேலம், இன்று அங்கே லட்சக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா அதைத் தேசிய அளவில் கட்டுப்படுத்த வேண்டிய களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதை உண்ணும் பூச்சிகளைத் தேடி ஆய்வாளர்கள் தமிழ்நாடுவரை வந்தார்கள். அப்படிக் கிடைக்கும் பூச்சியை ஆஸ்திரேலியாவில் விடுவதற்கு முன், அது உள்ளூர்ச் செடிகளைத் தின்னுமா என்று சோதிக்க வேண்டும். எந்தச் செடிகளை முதலில் சோதிப்பது? நெருங்கிய உறவிலிருந்து தொடங்கித் தூரத்து உறவுக்குப் போவதே முறை. அங்கே வகைப்பாடுதான் வழிகாட்டி. தென்னாப்பிரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே வாட்டில்கள் களை. அவற்றைத் தாக்கும் ஆஸ்திரேலியக் குளவிகளையும் வண்டுகளையும் விட முடிந்ததற்கு ஒரு காரணம், ஆப்பிரிக்க முள்மரங்கள் வாட்டிலுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை என்பது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சோலைப் புல்வெளிகளை மூடி நிற்கும், அங்கே சீகை என்று அழைக்கப்படும் மரங்களும் ஆஸ்திரேலிய வாட்டில்களே. அவற்றைப் பூச்சியால் கட்டுப்படுத்துவது பற்றி என்றாவது யோசித்தால், கருவேலத்துக்கு ஆபத்து வருமா என்பதோடு வாகைக்கு ஆபத்து வருமா என்றும் கேட்டாக வேண்டும். பழைய வகைப்பாடு அந்த இரண்டாவது கேள்வியை எழுப்பியிருக்காது.

இந்தத் தெளிவின் தேவை ஹரிஸ் பார்க்கைச் சுற்றியுள்ள மண்ணிலும் உண்டு. 'அகேசியா பூபசென்ஸ்' என்ற மெல்லிய மயிர்ப் போர்வையுள்ள வாட்டில், சிட்னி வட்டாரத்துக்கு மட்டுமே உரிய புதர். பேங்க்ஸ்டவுன், ஃபேர்ஃபீல்ட், ரூக்வுட் பகுதியிலும் பிட் டவுன் பகுதியிலுமே அது முக்கியமாக எஞ்சியிருக்கிறது. அழியும் ஆபத்துள்ள சிற்றினம் என்று மாநிலச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் அதைப் பாதுகாக்கின்றன. ஆனால் சட்டம் காப்பது பெயருள்ள ஒரு சிற்றினத்தை. தோட்டங்களில் அழகுக்காக நட்ட கூட்டமந்த்ரா வாட்டில், பக்கத்து வாட்டில்களோடு கலந்து கலப்பினங்களை உண்டாக்கும் இயல்புடையது. எது காக்க வேண்டிய செடி, எது கலப்பு, எது வேறு சிற்றினம் என்று பிரித்தறியும் வகைப்பாட்டாளர் இல்லாவிட்டால், ஒரு கட்டுமான மதிப்பீட்டில் அந்தப் புதர் வெறும் முட்புதராகப் பதிவாகிவிடும். பேரினப் பிரிவினையில் காட்டும் அதே கவனம் சிற்றின அளவில் ஒரு புதரின் உயிரையே தீர்மானிக்கிறது.

இன்னும் ஓர் எதிர்ப்பு மிச்சமிருக்கிறது, அதுவே கனமானது. பெயர் மாற்றத்தின் செலவு ஒரே பக்கம் விழுந்திருக்கிறது. ஆஸ்திரேலிய உலர்தாவரகம் தன் வாட்டில் தாள்களைத் திருத்த வேண்டியதில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வசதி குறைந்த நிறுவனங்கள்தான் தாள்களையும் பாடநூல்களையும் வனத்துறைக் கையேடுகளையும் மூலிகை நூல்களையும் திருத்த வேண்டும். இதை மறுக்க முடியாது. பயன் பெற்ற பக்கம் சுமையிலும் பங்கேற்க வேண்டும் என்பதே நியாயம். பெயர்த் தரவுகளைத் திருத்தவும் மாணவர்களைப் பயிற்றவும் இங்குள்ள நிறுவனங்கள் அங்குள்ளவற்றோடு கைகோக்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் மூலிகைப் பட்டியல்களும் சில காலத்துக்குப் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டும். ஒரே இரவில் பழையதை நீக்கினால் பழைய நூல்களைத் தேடுபவர்கள் திண்டாடுவார்கள். கருவேலம், வெள்வேலம், சீகை என்ற நம் பெயர்களுக்கு எந்த மாநாடும் கைவைக்கவில்லை, வைக்கவும் முடியாது. இங்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் வாட்டில் தினம் கொண்டாடிவிட்டு வந்து, இது நம் ஊர் வேலமரமா என்று கேட்டால், இல்லை, வாகைக்குத்தான் நெருக்கம் என்று சொல்வோம். ஏன் என்று கேட்டால் முள்ளையும் காம்பையும் காட்டி விளக்குவோம்.