விண்கலங்களும் கொண்டை ஊசி வளைவுகளும்

தமிழ் அறிவியல் புனைகதை குறித்துப் பேச்செழும்போதெல்லாம் இலக்கிய நண்பர்கள் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. கதைக்கு வேண்டியது மனித மனம். விண்கலம் எவ்வாறு செல்கிறது என்பது பொறியாளர்களின் கவலை. இதை நாம் ஏற்பதற்கில்லை. கோமுகி ஆறு கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமீது ஏறிப் பாய்வதாக ஒரு நாவலில் வந்தால், கள்ளக்குறிச்சி வாசகர் அந்தப் பக்கத்திலேயே நூலை மூடிவிடுவார். பாத்திரங்களின் மனம் எத்தனை ஆழமாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்கு அதில் நம்பிக்கை வராது. நிலத்துக்கு நாம் தரும் இந்த மரியாதையை விண்வெளிக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

திரையில் வரும் விண்கலங்கள் பெரும்பாலும் வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தைப் போலவே நடந்துகொள்கின்றன. கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து திரும்புகின்றன. எஞ்சினை அணைத்தால் நின்றுவிடுகின்றன. பேருந்துக்குச் சாலையின் உராய்வு உண்டு, விமானத்துக்குக் காற்று உண்டு. விண்கலத்துக்கு இரண்டும் இல்லை. எஞ்சினை அணைத்தாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். வேகம் குறைய வேண்டுமானால் கலத்தைப் பின்புறமாகத் திருப்பி, செல்லும் திசையை நோக்கி எரியூட்ட வேண்டும். அதற்கான எரிபொருளையும் புறப்படும்போதே சுமந்து வந்திருக்க வேண்டும்.

1963இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து கதாநாயகியைத் தூக்கிச் செல்வார்கள். அதன்மேல் நமக்குக் குறையில்லை. அது மாயக்கம்பளக் கதையின் வழித்தோன்றல், வேறெதுவாகவும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. விண்வெளிப் படம் என்றே விளம்பரப்படுத்தப்பட்டு 2018இல் வந்த 'டிக் டிக் டிக்' அப்படியல்ல. அங்கே நாயகனுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் இயற்பியல் ஒதுங்கி வழிவிடுகிறது. பிறகு நெருக்கடி எங்கிருந்து வரும்?

1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மிதந்துகொண்டிருந்த பகுதியை நெருங்க முயன்றார். அதைக் குறிவைத்து எரியூட்டினார், விலகிப்போயிற்று. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது. சுற்றுப்பாதையில் முன்னே செல்வதைப் பிடிக்க விரும்புபவர் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கலம் தாழ்ந்த பாதைக்கு இறங்கும், அங்கே ஒரு சுற்று விரைவில் முடியும், அப்படித்தான் முந்த முடியும். விரும்பியதை நோக்கி விரைந்தால் அது அகன்றுபோகும் என்னும் இவ்விதியில் கிடக்கும் கதையை நம் எழுத்தாளர்கள் இன்னும் தொடவில்லை என்றே படுகிறது. சுஜாதாவின் புகழ்பெற்ற 'என் இனிய இயந்திரா'கூட நிகழ்வது பூமியில்தான்.

கணினி விளையாட்டுகள் இதில் நம்மைவிட முன்னே போய்விட்டன. 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்திலேயே நடுவில் ஒரு விண்மீனும் அதன் ஈர்ப்பும் இருந்தன. 2015இல் முழுமையாக வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' ஆடும் பள்ளிச் சிறுவன், மெக்டிவிட் பட்ட பாட்டைத் தானும் பட்டுத் தெளிகிறான். அவனிடம் நம் விண்வெளிக் கதைகளை எந்த முகத்தோடு கொடுப்பது?

இத்தனைக்கும் கதை அயலூரில் இல்லை. சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2019 நவம்பர் வரை கள்ளக்குறிச்சியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நிலவின் தரைக்கு மாற்றாகச் சோதனைக்கு எடுக்கப்பட்ட பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெட்டப்பட்டது. 1969இல் அப்பல்லோ 11 நான்கு நாட்களில் நிலவில் இறங்கியது. சந்திரயான் 3 புறப்பட்டது 2023 ஜூலை 14. இறங்கியது ஆகஸ்ட் 23. நேரே வீசியெறியும் ஆற்றல் நம் ராக்கெட்டுக்கு இல்லை. ஆகவே ஊஞ்சலில் ஆடும் பிள்ளையை அது தாழ வரும் கணம் பார்த்துத் தள்ளுவதுபோல், கலம் பூமிக்கு மிக அருகே மிக வேகமாக வரும் கணங்களில் எரியூட்டிப் பாதையை நீட்டிக்கொண்டே போனார்கள். வசதி குறைந்த வீட்டின் சிக்கனம் இது. நம் எழுத்தாளர்கள் நன்கறிந்த விஷயமல்லவா?

அதற்கு முன் 2019 செப்டம்பர் 7இல் சந்திரயான் 2இன் விக்ரம் விழுந்து நொறுங்கிய விதத்தை இஸ்ரோ தலைவராயிருந்த சோமநாத் பின்னர் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வேகத்துக்கோ வரம்பு விதித்திருந்தார்கள். இறங்கக் குறித்திருந்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். தரை நெருங்கிய நிலையிலும், அந்தச் சிறு சதுரத்தை எட்டிவிட வேண்டி விக்ரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. வில்லனும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. இட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றப் போய் மாண்ட ஒன்றின் கதை இது. இயற்பியலைக் கழித்துவிட்டு இதை எப்படி எழுதுவது என்று நண்பர்கள் சொல்லட்டும்.

2023இல் இறங்கிய விக்ரம், செப்டம்பர் 3 அன்று எஞ்சின்களை மீண்டும் எரித்துச் சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, பக்கத்திலேயே மறுபடி அமர்ந்தது. மறுநாள் அதை உறங்கவைத்தார்கள். நிலவின் இரவு கழிந்து அழைத்தபோது பதில் வரவில்லை.