'ஹேவ்' என்ற சொல்லும் நம் 'இரு'வும்



தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சி ஏடுகளில் கீழ்க்காணும் வாக்கியங்களைக் காணாத ஆசிரியர் இருக்க மாட்டார்.

1. மை ஃபாதர் ஹேவ் டூ கார்ஸ்.
2. இன் மை ஸ்கூல் ஹேவ் எ ஃபீல்ட்.
3. ஐ காட் டூ பிரதர்.
4. ஐ ஆம் ஹேவிங் எ பைசிக்கள்.

நாம் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறோம். மாணவரும் திருத்தத்தை மூன்று முறை எழுதுகிறார். அடுத்த மாதம் அதே பிழை மீண்டும் வருகிறது. இதற்குச் சோம்பலோ கவனக்குறைவோ காரணம் அன்று. நம் பிள்ளைகள் தமிழில் சிந்தித்து, மலாயில் பழகி, ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இம்மூன்று மொழிகளும் 'உடைமை'யை ஒரே வகையில் சொல்வதில்லை. அந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை என்பதே என் கருத்து.

மலாயில் 'அடா' என்னும் ஒரே சொல், 'என்னிடம் உள்ளது' என்பதையும் 'அங்கே உள்ளது' என்பதையும் குறிக்கும். ஈப்போ சந்தையிலும் கடைத்தெருவிலும் பேசப்படும் ஆங்கிலத்தில் இந்த 'அடா'தான் 'காட்' என்று வேடம் பூண்டு உலவுகிறது. சீன மொழியிலும் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அங்காடிக்காரருக்கும் இப்பேச்சு இயல்பாகவே அமைந்துவிட்டது. எனவே 2, 3ஆம் பிழைகளைப் பிள்ளைகள் நாள்தோறும் காதால் கேட்டே கற்கிறார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். 'ஹேவ்' என்பதற்கு நேரான வினைச்சொல் நம் அன்றாடத் தமிழில் இல்லை. மாறாக, வேற்றுமை உருபுகளைக் கொண்டு நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறோம்.

- எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். (கு)
- என்னிடம் பத்து வெள்ளி இருக்கிறது. (இடம்)
- எங்கள் பள்ளியில் ஒரு திடல் இருக்கிறது. (இல்)

உறவுக்கு ஓர் உருபு. கைப்பொருளுக்கு ஓர் உருபு. இடத்துக்கு ஓர் உருபு. உடைமையை வகைப்படுத்துவது நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. ஆறாம் வேற்றுமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பகுத்துக் காட்டியவர்கள் நம் முன்னோர். 'என் கை' வேறு, 'என் குடை' வேறு என்று உணர்ந்த மொழி இது. ஆங்கிலமோ தம்பியையும் பத்து வெள்ளியையும் 'ஹேவ்' என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறது. திடலுக்கு மட்டும் 'தேர் இஸ்' என்று வேறு வாசல் வைத்திருக்கிறது.

முதல் பிழைக்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கும். 'அப்பாவிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன' என்ற தமிழ் வாக்கியத்தில் எழுவாய் எது? கார்கள். ஆதலால் வினைமுற்றும் பன்மை. ஆங்கிலத்தில் எழுவாய் அப்பா, அவர் ஒருவர், ஆகவே 'ஹேஸ்'. கார்களைப் பார்த்து வினையை அமைக்கும் மாணவர் தமிழ் இலக்கணத்தின்படி சரியாகவே சிந்தித்திருக்கலாம். 'எழுவாய் இடம் மாறியிருக்கிறது, பார்' என்று சொல்லிக்கொடுத்தால், சிவப்பு மைக்கு வேலை குறையும்.

வேற்றுமைகளை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. 'ஹேவ்' செய்யும் மூன்று முக்கியமான வேலைகளைப் பாருங்கள். உடைமை: 'தம்பி இருக்கிறான்'. முடிந்த செயல்: 'ஐ ஹேவ் ஈட்டன்', அதாவது 'சாப்பிட்டிருக்கிறேன்'. கட்டாயம்: 'ஐ ஹேவ் டு கோ', அதாவது 'போக வேண்டியிருக்கிறது'. மூன்றிலும் நம் 'இரு' அமர்ந்திருக்கிறது! மலாயில் முடிந்த செயலுக்குச் 'சுடா', கட்டாயத்துக்கு 'பெர்லு' அல்லது 'மெஸ்தி' என்று வெவ்வேறு சொற்கள் வருகின்றன. இந்த இடத்தில் ஆங்கிலத்தைக் கற்கத் தமிழே அருகில் நின்று கைகொடுக்கிறது.

நான்காம் பிழைக்கும் தமிழே மருந்து. 'எனக்கு மிதிவண்டி இருந்துகொண்டிருக்கிறது' என்று எவரேனும் சொல்வாரா? சொல்லமாட்டார். அதுபோலவே உடைமைப் பொருளில் 'ஹேவிங்' வராது. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரியே. அங்கே அச்சொல் உடைமையை விட்டு, உண்ணும் செயலைக் குறிக்கிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. பின்னர் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் 'ஆங்கிலமா, தமிழா' என்றே வாதிட்டோம். தமிழின் வழியாக ஆங்கிலத்தை எப்படி உறுதியாகக் கற்பிப்பது என்று போதிய அளவு பேசவில்லை.

'ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் மாணவர் மொழிபெயர்த்தே பேசுவார்' என்பது சிலரின் அச்சம். அந்த மொழிபெயர்ப்பு எப்படியும் அவர் மனத்துள் நடக்கிறது. அதை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஒழுங்குபடுத்துவோம். எஞ்சிய நேரம் முழுவதும் ஆங்கிலத்தில் பேசவிடுவோம். ஆங்கில ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், ஆசிரியர் அறையில் அடுத்த நாற்காலியில் தமிழாசிரியர் இருக்கிறார். வேற்றுமைப் பாடம் நடத்தும் வாரத்தில் இருவரும் கலந்து பேசினால் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், பிள்ளையின் ஆங்கிலம் வளர வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவோர் பலர். தங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வருமாயின் பேசுங்கள், நன்று. வராதாயின், 'பேக்ல புக் காட்?' என்று கேட்பதைவிட, 'பையில் புத்தகம் இருக்கிறதா?' என்று முழுமையாகக் கேளுங்கள். வீட்டில் முழு வாக்கியம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வகுப்பில் இன்னொரு மொழியின் வாக்கிய அமைப்பை விளக்குவது எளிது. இரண்டு மொழியிலும் அரை வாக்கியமே கேட்ட பிள்ளைக்கு எதைக் கொண்டு எதை விளக்குவது?

தமிழை ஆங்கிலத்திற்குத் தடையென்று எண்ணுவதை விடுத்து, ஏணியாகப் பயன்படுத்திப் பார்ப்போம். தங்கள் வகுப்பில் வேறு ஆங்கிலச் சொற்கள் இவ்வாறு இடர் தருமாயின் அறியத் தாருங்கள், சேர்ந்து சிந்திப்போம்.