ஆராய்ச்சியின் அளவுகோல்

ஓர் அறிஞரின் பெருமையை எவ்வாறு அளப்பது? அவர் இயற்றிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என எண்ணி அளப்பதே இக்கால வழக்கமாயிற்று. உத்தியோகமும் உயர்வும் பொருளுதவியும் பல இடங்களில் இவ்வெண்ணைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வழக்கம் நன்றோ என்பதை நம் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் சிறிது சிந்தித்தல் தகும் எனக் கருதுகிறோம்.

உதாரணமாக ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேரறிஞரை எடுத்துக்கொள்வோம். 1842இல் பெல்பாஸ்டில் பிறந்த இவர், 1868 முதல் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியற் பேராசிரியராய் விளங்கினார். ஓடும் நீர் ஒருகால் நேராகவும் ஒருகால் சுழித்துக் கலங்கியும் செல்வது எதனால் என்பது இவர் எழுப்பிய வினா. தொட்டியினுள் கண்ணாடிக் குழாய் ஒன்றை அமைத்து, அதில் ஓடும் நீரின் நடுவே சாயநீரை மெல்லிய இழையாக விட்டார். வேகம் குறைந்திருந்தபோது அவ்விழை நூல்போல் நேரே சென்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் சிதறி நீர் முழுவதும் கலந்தது. நீரின் வேகம், குழாயின் விட்டம், நீரின் அடர்த்தி, பாகுத்தன்மை ஆகியவற்றினின்று பெறப்படும் ஓர் எண்ணே ஓட்டத்தின் இயல்பை நிச்சயிக்கிறது என்று 1883இல் அவர் வெளியிட்டார். குழாய்களில் அவ்வெண் ஏறத்தாழ 2,000க்குக் கீழ்ப்படின் கலக்கம் நிலைத்து நில்லாது. 1908இல் ஜெர்மானிய அறிஞர் சாமர்பெல்டு அதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயரிட்டார்.

இன்று ஆகாய விமானம் அமைப்போரும், குழாய் பதிப்போரும், இரத்த ஓட்டத்தை ஆராய்வோரும் இவ்வெண்ணையே நாடுகின்றனர். ஆயினும் அவருள் 1883ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவார் எத்துணைப் பேர்? கருத்து யாவர்க்கும் பொதுவுடைமையானபின் அதன் மூலத்தைக் குறிப்பிடுவார் அருகுவர். ஆழ வேரூன்றிய கருத்தே மேற்கோட் கணக்கினின்று மறைந்துபோகிறது! 1895இல் வெளிவந்த அவருடைய மற்றொரு கட்டுரையை முன்னரே மதிப்பிட்ட ஸ்டோக்ஸ், லாம்ப் ஆகிய மேதைகளும் அதன் பொருளை எளிதில் தெளிந்தாரல்லர். இன்றோ, கலங்கிய ஓட்டங்களைக் கணிப்போர் பெரிதும் கைக்கொள்ளும் சமன்பாடுகள் அக்கட்டுரையினின்று பிறந்தவையே.

மேற்கோள்களைத் தொகுக்கும் முறையை யூஜின் கார்பீல்டு என்பார் 1955இல் எடுத்துரைத்தார். ஆராய்ச்சியாளர் தமக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக் காண்பதே அதன் முதன்மையான நோக்கம். பின்னர் 2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் ஓர் அளவை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து மேற்கோளேனும் பெற்று, பதினோராவது அவ்வாறு பதினொன்று பெறாவிடின், அவர் எண் பத்து. ரெனால்ட்ஸ் மேற்கூறிய இரண்டு கட்டுரைகளை மட்டுமே எழுதியிருந்தால், அவற்றை உலகமே போற்றினும் அவர் எண் இரண்டைக் கடவாது. இவ்வளவுகோலின் குறை இதனால் விளங்கும்.

'எண் இல்லையேல் சிபாரிசும் பட்சபாதமுமே ஆட்சிபுரியும்' என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. எண்ணை அறவே தள்ளுக என்று நாம் சொல்லவில்லை. துணையாக நிற்கவேண்டியது நீதிபதியாக அமர்தலையே மறுக்கிறோம். எண்ணே நீதிபதியாயின், ஒரு கட்டுரையை மூன்றாகக் கூறுபடுத்துவதும், நண்பர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வதும் இலாபமாகும். பல்லாண்டு உழைத்தாலன்றி விடை காணவியலாத வினாவை இளைஞர் அணுகவும் அஞ்சுவர். இத்தகைய கவலையாலேயே, பத்திரிகையின் மேற்கோள் எண்ணைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதித்தலாகாது என்னும் பிரகடனம் 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவாயிற்று.

ஆதலின் தேர்வுக் குழுக்களில் அமரும் நம் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவோம்: விண்ணப்பித்தவரின் எண்ணைக் காணுமுன் அவருடைய சிறந்த கட்டுரை ஒன்றையேனும் படித்துப் பாருங்கள். மாணவர்க்குக் கூறுவது இது: எத்தனை பேர் நம்மைக் குறிப்பிடுவர் என்று எண்ணித் தொடங்காதீர்கள், எது மெய் என்று அறியும் விருப்பத்தால் தொடங்குங்கள். கண்ணாடிக் குழாயினுள் ஓடிய அச்சாய இழையைக் கூர்ந்து நோக்கியவர் கண்டது, இன்றும் உலகிற்குப் பயன்படுகின்றதன்றோ!